விஜய் ஐயர் ட்ரையோவில் லிண்டா மே ஹான் ஓ: ஒரு திருத்தம்

2021ல் ‘அன்ஈஸி’ ஆல்பம் வந்தபோது இங்கே ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். பழைய வாசகர்கள் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். பியானோ விஜய் ஐயர், டிரம்ஸ் டைஷான் சோரி, டபுள் பேஸ் லிண்டா மே ஹான் ஓ. பியானோவுக்கு நாலு பத்தி, டிரம்ஸுக்கு ஒரு பத்தி எழுதிவிட்டு, பேஸை ஒரே வரியில் முடித்திருந்தேன்: பழைய ட்ரையோவில் இருந்த ஸ்டீஃபன் கிரம்ப் அளவுக்கு இவர் இல்லை, ரொம்ப அடக்கி வாசிக்கிறார், சில இடங்களில் இருக்கிறாரா என்றே தெரியவில்லை.

அந்த வரி தப்பு. ரசனை மாறிவிட்டது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்தான். ஆனா நடந்தது அது இல்லை. நான் அந்த வாசிப்பைக் கேட்கவே இல்லை. கேட்காத ஒன்றுக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறேன். எப்படி இது நடந்தது என்று சொன்னால்தான், இப்போது சொல்லப்போவதை நீங்க நம்பறதுக்கு ஏதாவது காரணம் இருக்கும்.

டம்ளருக்குள் போன்

இரண்டாவது அலை ஊரடங்கு. குமணன்சாவடியில் வீட்டுக்குள்ளேயே கிடந்த நாட்கள். இயர்போன் ஒரு பக்கம் செத்துப்போயிருந்தது, புதுசு வாங்கக் கடை இல்லை. போனை எவர்சில்வர் டம்ளருக்குள் போட்டுக் கேட்டேன். நம்மில் பாதிப்பேர் செய்திருப்போம். சத்தம் கூடும், சமையல்கட்டு வரைக்கும் கேட்கும். ஆல்பத்தை அப்படித்தான் ஏழெட்டுத் தடவை ஓட்டினேன். அப்புறம் வேலைக்குப் போக ஆரம்பித்ததும் கிண்டி வரைக்கும் பஸ்ஸில், ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யும் அதே இயர்போனில். டிரங்க் ரோட்டில் மெட்ரோ வேலையும் சேர்ந்துகொண்டது. அந்த இரைச்சலில் கேட்டதை வைத்துத்தான் அந்த வரியை எழுதினேன்.

இதில் என்ன பிரச்சினை என்றால், டபுள் பேஸின் கடைசித் தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். அதாவது ஒரு நொடிக்கு 41 தடவை அதிர்கிறது. அடுத்த மூன்று தந்திகள் 55, 73, 98. போனில் இருக்கிற ஸ்பீக்கர் நகத்தளவு. அவ்வளவு கீழே அதனால் காற்றைத் தள்ள முடியாது. சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் அது ஏறக்குறைய ஊமை. டம்ளர் செய்வதெல்லாம் நடு ஸ்தாயியை இன்னும் தூக்கிக் கொடுப்பதுதான். பியானோவின் வலது கையும் சிம்பலும் பளபளவென்று வரும். பேஸ் இன்னும் பின்னால் போகும்.

அப்போ போனில் பேஸ் மெட்டு எப்படித்தான் காதில் விழுகிறது? அது மூளை செய்கிற வேலை. ஒரு தந்தி 41ல் அதிரும்போது 82, 123, 164 என்று அதன் மடங்குகளும் கூடவே ஒலிக்கும். மேலே இருக்கிற மடங்குகள் மட்டும் காதுக்கு வந்தால்கூட, அடியில் இருக்க வேண்டிய ஸ்வரத்தை மூளை தானே ஊகித்துப் போட்டுக்கொள்ளும். அதனால் ‘என்ன ஸ்வரம்’ என்பது தெரிந்துவிடும். ஆனா அதன் உடம்பு தெரியாது. எவ்வளவு கனம், எவ்வளவு நேரம் நின்றது, எப்போது விட்டது, இதெல்லாம் தெரியாது.

நமக்குப் பழக்கமான உதாரணம் மிருதங்கம். தொப்பிப் பக்கத்தில் ரவையைக் குழைத்து அப்புவது அந்தத் தோலைக் கனமாக்கி, ஸ்தாயியைக் கீழே இறக்கத்தான். கச்சேரியைப் போனில் கேட்டால் வலந்தலை சொற்கள் மட்டும் டக்டக்கென்று வரும். தொப்பியின் கும்காரம் வராது. அந்தப் பாதியை மட்டும் கேட்டுவிட்டு ‘இவருக்கு இடது கை போதாது’ என்று ஒருவர் எழுதினால் நாம் சிரிப்போம். நான் லிண்டா ஓவுக்குச் செய்தது அதுதான்.

‘நம்மவர்’ என்கிற சௌகரியம்

காது மட்டும் காரணமில்லை. கவனமும் போகவில்லை. அதுக்குக் காரணம் விஜய் ஐயரைக் கேட்கிற நம்ம பழக்கம்.

1971ல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர், பெற்றோர் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். சின்ன வயசில் வயலின் கற்றார், பியானோவைத் தானாகவே பழகிக்கொண்டார். யேலில் கணிதமும் இயற்பியலும் படித்தார், பெர்க்லியில் இசையும் அறிதலும் சம்பந்தமான ஆய்வுக்கு 1998ல் முனைவர் பட்டம், 2013ல் மெக்ஆர்தர் நல்கை, அடுத்த வருஷம் ஹார்வர்டில் பேராசிரியர். இவ்வளவும் தெரிந்ததும் நாம் ஒரு வேலையை ஆரம்பித்துவிடுகிறோம். பியானோவுக்குள் மிருதங்கத்தைத் தேடுவது, ஒரு கணக்கு வந்தால் ‘அதோ கோர்வை’ என்பது. என் பழைய குறிப்பில் இருந்த நாலு பத்தியும் அந்தத் தேடல்தான். தேடினால் கிடைக்கவும் செய்யும். தென்னிந்தியத் தாள வாத்தியங்களுக்குத் தன் கடனை ஐயரே மறைத்தவர் இல்லை.

ஆனா அப்படித் தேடும்போது காது ஒரு ஆளோடயே போய்விடுகிறது. ட்ரையோவில் மூன்று பேர். நம்மவர் இல்லாத இரண்டு பேரும் பக்கவாத்தியம் ஆகிவிடுகிறார்கள்.

இதுக்கு ஒரு எதிர்ச்சான்று ஐயரிடமே இருக்கிறது. 2011ல் ‘தீர்த்தா’ என்று ஒரு ஆல்பம். கூட கிடாரில் பிரசன்னா (சென்னை ஐஐடியில் படித்தவர், கர்நாடக சங்கீதத்தை எலெக்ட்ரிக் கிடாரில் வாசிப்பவர்), தபலாவில் நிதின் மிட்டா. ஐயர் செய்ததில் நம்ம பக்கம் அதிகம் சாய்ந்தது இதுதான் என்று நினைக்கிறேன். அதில் பேஸே கிடையாது. யோசித்தால் ஆச்சரியமில்லை. கர்நாடக இசையில் பேஸ் மெட்டு என்று ஒன்று இல்லை. கீழே இருப்பது தம்புரா, அது நகராது. ஜாஸில் அந்த இடத்தில் இருப்பவர் நடந்துகொண்டே இருக்கிறார். நமக்கு நகராத தரை பழக்கம். நகர்கிற தரையைக் கேட்கத் தனியாகப் பழகணும்.

ருத்ரேஷ் மஹந்தப்பாவின் ‘கின்ஸ்மென்’ (2008) இந்தச் சிக்கலை நல்லாவே காட்டும். கத்ரி கோபால்நாத்தும் மஹந்தப்பாவும் சாக்ஸபோன், ஏ. கன்யாகுமரி வயலின், பூவலூர் ஸ்ரீஜி மிருதங்கம், ரெஸ் அப்பாசி கிடார். இவங்களுக்கு நடுவில் டபுள் பேஸில் கார்லோ டி ரோசா. இரண்டு சாக்ஸபோனும் ராகத்துக்குள் இருக்கும்போது பேஸ் என்ன செய்யணும்? ஷட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு தம்புராவாக நிற்பதா, நடந்து ராகத்தின் அடித்தளத்தை மாற்றுவதா? ஆல்பம் முழுக்க அவர் இந்த இரண்டுக்கும் நடுவே முடிவெடுத்துக்கொண்டே இருப்பதாக எனக்குப் படுகிறது. கத்ரிக்காகவே அந்த ஆல்பத்தைக் கேட்டவர்கள் ஒரு தடவை பேஸுக்காக மட்டும் கேட்டுப் பாருங்க, வேற ஆல்பம் மாதிரி இருக்கும்.

நமக்கு பேஸ் பழக்கமே இல்லை என்று சொல்ல வரவில்லை. இளையராஜா நம்ம காதுக்கு அதைக் கற்றுக்கொடுத்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. யூடியூபில் ராஜா பாட்டுகளின் பேஸ் வரியை மட்டும் தனியாக எடுத்து வாசிக்கிற பையன்கள் எத்தனை பேர்! ஆனா அது பெரும்பாலும் எலெக்ட்ரிக் பேஸ் கிடார், எழுதி வைத்து வாசித்தது, ஒவ்வொரு தடவையும் அதே வரி. ஆளுயர மரப்பெட்டியை அணைத்து நின்று, அந்த நிமிஷத்தில் அடுத்தவர் வாசிப்பதைக் கேட்டு முடிவெடுக்கிற பேஸ் வேற ஜாதி. எழுதாத வரியைப் பாட்டாக முணுமுணுக்க முடியாது. அதனாலேயே அது மனசில் தங்குவதில்லை.

கிரம்ப் இருந்த காலம்

நியாயமாக, பழைய ட்ரையோவையும் சொல்லிவிடணும். ஸ்டீஃபன் கிரம்பை உயர்த்திச் சொன்னது தப்பில்லை. அவரை அளவுகோலாக்கியதுதான் தப்பு.

கிரம்ப், டிரம்ஸில் மார்கஸ் கில்மோர் (ராய் ஹெய்ன்ஸின் பேரன்), பியானோவில் ஐயர். இந்த ட்ரையோவின் மூன்று ஆல்பங்கள்: ‘ஹிஸ்டாரிசிட்டி’ (2009), ‘அக்ஸெலராண்டோ’ (2012), ‘பிரேக் ஸ்டஃப்’ (2015). முதல் ஆல்பத்தில் எம்.ஐ.ஏ.வின் ‘கலாங்’ இருக்கிறது. ஈழத்து வேர் உள்ள லண்டன் பெண்ணின் பாட்டை அமெரிக்கத் தமிழர் பியானோவில் உடைக்கிறார். ரெண்டரை நிமிஷச் சொச்சம்தான், மூன்று பேரும் சேர்ந்து சுவரில் மோதுகிற மாதிரி இருக்கும். அதே ஆல்பத்தில் ரானி ஃபாஸ்டரின் ‘மிஸ்டிக் புரூ’. எ ட்ரைப் கால்டு குவெஸ்ட் தங்கள் ஹிப்-ஹாப் பாட்டுக்கு எடுத்துக்கொண்ட மெட்டு. ஐயர் அதன் தாளத்தை ஃபிபொனாச்சி எண்களின் விகிதத்தில் வளைத்தார். அதை நம்ம கணக்கு ரசிகர்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள். அந்த வளைவு நடக்கும்போது கேட்பவனைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போவது கிரம்பின் பேஸ். அதை யாரும் பேசியதில்லை, நானும்தான்.

‘பிரேக் ஸ்டஃப்’பில் ‘ஹூட்’ என்று ஒன்று. டெட்ராய்ட் டெக்னோ கலைஞர் ராபர்ட் ஹூடுக்கான மரியாதை. மெஷின் செய்கிற வேலையை மூன்று மனுஷர்கள் செய்கிறார்கள். மீண்டும் மீண்டும் அதே சின்னத் துண்டு, அதில் நூலிழை மாற்றம். கிரம்புக்குப் பொறுமை ஜாஸ்தி.

அவர் ஒலியில் விரல் தந்தியில் உரசுவதும், மரம் முனகுவதும் நிறையக் கேட்கும். எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா இப்போ புரிகிறது, அந்த உரசல் எல்லாம் நடு ஸ்தாயிச் சத்தம். போனிலும் விழும், டம்ளரிலும் விழும். நான் அவரை ‘அதிகம் வாசிப்பவர்’ என்று நினைத்ததற்கு என் ஸ்பீக்கரும் ஒரு காரணம்.

பேஸ் பாக்ஸ்

என் அத்தை பையன் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறான். மாங்காடு, பூந்தமல்லி பக்கத்துக் கல்யாணம், காதுகுத்து, ஆடி மாசம் அம்மன் கோயில் கூழ் ஊற்றல், எல்லாத்துக்கும் அவன் பெட்டிதான் போகும். போன வருஷம் ஆனிக் கடைசி, ஆடி ஆர்டர்களுக்கு முன்னால், ரிப்பேர் பார்த்த இரண்டு பேஸ் பாக்ஸை ஷெட்டில் போட்டுப் பரிசோதித்துக்கொண்டிருந்தான். பதினெட்டு இன்ச் ஸ்பீக்கர் போட்டது. அவன் பென்டிரைவ் வேலை செய்யவில்லை.

“மச்சான், உன் போன்ல இருந்து ஏதாவது போடு, பேஸ் வருதான்னு பார்க்கணும்.”

கடைசியாகக் கேட்டது ‘அன்ஈஸி’தான். அதிலிருந்து ‘டிரம்மர்ஸ் சாங்’ போட்டேன்.

எழுந்து நின்றுவிட்டேன் என்றெல்லாம் அளக்கப்போவதில்லை. ஆனா நாலு வருஷமாகத் தெரிந்த பாட்டில் தெரியாத ஒரு ஆள் இருந்தார். பியானோ மேலே ஒரு சின்ன உருவத்தைச் சுற்றிச் சுற்றி வாசிக்க, கீழே ஒருவர் அதற்கு எதிர்ப்பக்கம் நடந்துகொண்டிருந்தார். அந்த நடை போனில் இல்லவே இல்லை.

அத்தை பையன் சந்தோஷப்படவில்லை. “என்ன மச்சான் இது? பேஸ் வருது, உடனே போயிடுது. நிக்கவே மாட்டேங்குது. இதை வெச்சு பாக்ஸை செக் பண்ண முடியாது.” எழுந்து போய் வேற ஒருத்தன் பென்டிரைவை வாங்கி வந்து ஒரு குத்துப்பாட்டைப் போட்டான். தகரக் கூரை அதிர்ந்தது. அவன் திருப்தியாகிவிட்டான்.

நான் வீட்டுக்கு வந்து அவன் சொன்னதையே யோசித்துக்கொண்டிருந்தேன். வருது, உடனே போயிடுது. அவன் அதைக் குறையாகச் சொன்னான். அவன் தொழிலுக்கு அது குறைதான். ஆனா லிண்டா ஓவின் வாசிப்பைப் பற்றி நான் படித்ததை எல்லாம்விட அந்த வாக்கியம்தான் சரியான இடத்தைத் தொட்டது.

எப்போது விடுகிறார்

விரலால் மீட்டிய தந்தி தானாக அடங்கும். ஆனா எவ்வளவு நேரத்தில் அடங்கணும் என்பதை வாசிப்பவர் முடிவு பண்ணலாம். இடது கை விரலை அழுத்தியே வைத்தால் நீளும், லேசாகத் தளர்த்தினால் அங்கேயே நிற்கும். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு ஆரம்பம் இருப்பது போல ஒரு முடிவும் இருக்கிறது. நாம் தாளத்தை ஆரம்பங்களால்தான் எண்ணுகிறோம். தட்டு எங்கே விழுகிறது என்று பார்க்கிறோம், கை எங்கே எழுகிறது என்று பார்ப்பதில்லை.

லிண்டா ஓவின் கலை அந்த முடிவுகளில் இருக்கிறது. இதுதான் இந்தத் திருத்தத்தின் சாரம். ஒரு ஸ்வரத்தை அவர் எங்கே விடுகிறார் என்பதைக் கேட்கத் தொடங்கியதும் மூன்று பேரின் உரையாடல் தெளிவாகிவிடுகிறது. பியானோவின் இடது கை அடர்த்தியாக வரும்போது அவர் ஸ்வரங்களைக் குறுக்குகிறார், சேறாகாமல் இருக்கிறது. பியானோ ஓய்ந்தால் ஒரு ஸ்வரத்தை நீளவிட்டு அந்த இடைவெளியைத் தாங்குகிறார். சோரியின் டிரம்ஸ் பெரிய அலை மாதிரி எழும்பக்கூடியது. அந்த அலைக்கு நடுவே இவர் வெட்டி வெட்டி வைக்கிற மௌனங்கள்தான் எண்ணிக்கையைக் காப்பாற்றுகின்றன. ‘அடக்கி வாசிக்கிறார்’ என்று நான் எழுதியது இதைத்தான். அது அடக்கம் இல்லை, வெட்டு.

போனில் ஆரம்பத்தின் ‘டிக்’ மட்டும் விழும். நீளம் விழாது. அதாவது அவர் கலையின் எந்தப் பாதி முக்கியமோ அந்தப் பாதி.

மூன்று இடங்களைச் சொல்கிறேன், கேட்டுப் பாருங்க.

ஒன்று, ‘நைட் அண்ட் டே’. கோல் போர்ட்டரின் பழைய பாட்டு, நூறு பேர் வாசித்தது. மெட்டு ஏற்கெனவே தெரியும் என்பதால் பேஸைப் பின்தொடர்வது லேசு. பியானோவை வேணும்னே கவனிக்காமல் விடுங்க. கீழே மட்டும் போங்க.

இரண்டு, ‘கன்ஃபிகரேஷன்ஸ்’. இது ஐயரின் பழைய உருப்படி, 2001ல் ‘பனாப்டிக் மோட்ஸ்’ ஆல்பத்தில் கிரம்ப் பேஸோடு வந்தது. அங்கே மஹந்தப்பாவின் சாக்ஸபோனும் உண்டு. இருபது வருஷ இடைவெளியில் ஒரே உருப்படி, இரண்டு பேஸ் கலைஞர்கள். அடுத்தடுத்துக் கேட்டால் யார் மேல் யார் கீழ் என்ற கேள்வியே அபத்தம் என்று தெரியும். கிரம்ப் அந்தக் கட்டடத்துக்குச் சுவர். லிண்டா ஓ அதில் கதவும் ஜன்னலும்.

மூன்று, ‘டிரம்மர்ஸ் சாங்’. ஜெரி ஆலனின் படைப்பு. அவரே 1994ல் ‘ட்வென்டி ஒன்’ ஆல்பத்தில் ரான் கார்ட்டர் பேஸ், டோனி வில்லியம்ஸ் டிரம்ஸோடு வாசித்திருக்கிறார். ரான் கார்ட்டர் என்றால் டபுள் பேஸில் பிதாமகர். அந்த நாற்காலியில் உட்காரணும் என்றால் கை நடுங்கும். லிண்டா ஓ அவர் மாதிரி வாசிக்க முயலவே இல்லை. கார்ட்டரின் ஸ்வரங்கள் நீளமாக, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். இவருடையவை தனித்தனியாக, நடுவில் காற்று போகிற மாதிரி.

தனி வாசிப்புகளும் உண்டு. ஆனா அதை வைத்து எடை போடாதீங்க. தனி ஆவர்த்தனம் வந்ததும் கேன்டீனுக்குப் போகிற கூட்டம் எவ்வளவு தப்போ, தனி ஆவர்த்தனத்தை மட்டும் வைத்து மிருதங்கக்காரரை மதிப்பிடுவதும் அவ்வளவு தப்பு. கீர்த்தனைக்கு எப்படி வாசித்தார் என்பதுதானே கேள்வி.

யார் இவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பழைய குறிப்பில் அதுவும் இல்லை. மலேசியாவில் சீனக் குடும்பத்தில் பிறந்து, ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் வளர்ந்தவர். பள்ளி நாட்களில் பசூன், எலெக்ட்ரிக் பேஸ், அப்புறம்தான் இந்தப் பெரிய மரப்பெட்டி. நியூயார்க்கில் மன்ஹாட்டன் ஸ்கூல் ஆஃப் மியூசிக்கில் படித்தார். 2009ல் முதல் ஆல்பம் ‘என்ட்ரி’. டிரம்பெட், பேஸ், டிரம்ஸ், அவ்வளவுதான். பியானோவோ கிடாரோ இல்லாததால் சுருதி சேர்க்கிற பாரம் முழுக்க பேஸ் மேல். முதல் ஆல்பத்திலேயே அப்படி ஒரு சுமையைத் தேர்ந்தெடுத்தவரை ‘இருக்கிறாரா’ என்று கேட்டிருக்கிறேன். பாட் மெத்தனியோடு உலகம் சுற்றியவர். பிக்ஸாரின் ‘சோல்’ படம் பார்த்தீங்களா? அதில் பேஸ் வாசிக்கும் மிஹோ என்ற பெண்ணின் வாசிப்பு இவருடையது. நம்மில் பலர் தெரியாமலே இவரைக் கேட்டிருக்கிறோம்.

தலைப்புகளும் இசையும்

புகழ்வதோடு நிறுத்தினால் இது திருத்தம் ஆகாது, பரிகாரம் ஆகிவிடும். ‘அன்ஈஸி’யில் எனக்கு இன்னும் உறுத்துகிற ஒன்று இருக்கிறது.

முதல் உருப்படி ‘சில்ட்ரன் ஆஃப் ஃபிளின்ட்’. மிஷிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரத்தில் 2014ல் குடிநீருக்கான மூலத்தை மாற்றினார்கள், குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து வீடுகளுக்கு வந்தது, குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். அடுத்தது ‘காம்பாட் பிரீதிங்’. ஃபிரான்ஸ் ஃபானோனின் சொல், கறுப்பர்களின் உயிர் பற்றிய போராட்டங்களின் காலத்தில் எழுதியது. தலைப்பை மறைத்துவிட்டுக் கேட்டால் ஃபிளின்ட் தெரியுமா? தெரியாது. செம்பரம்பாக்கம் ஏரிக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு, தண்ணீர் விஷயத்தில் ஒரு முடிவு தப்பானால் வீடு வீடாக என்ன ஆகும் என்பது எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனா அந்த உணர்வை நான்தான் கொண்டுபோனேன், இசை கொடுக்கவில்லை. சொல் இல்லாத இசைக்குக் கனமான தலைப்பு வைப்பது, மரியாதையை முன்கூட்டியே வாங்கிக்கொள்வது போல எனக்குப் படும்.

இப்போதும் அப்படித்தான் படுகிறது. ஆனா ஒன்று சேர்க்கணும். ‘காம்பாட் பிரீதிங்’கை நாலு நாலாக எண்ணினால் கை தப்பும். தாளம் தடுக்கித் தடுக்கி மூச்சு வாங்குகிறது. அந்த மூச்சை இழுப்பதும் விடுவதும் பேஸின் நீளங்களில் கேட்கிறது. தலைப்பு சொல்கிறதை வாசிப்பு செய்துகாட்டுகிற ஒரே இடம் அதுதான். பேஸ் இல்லாமல் கேட்ட எனக்கு அது வெறும் தலைப்பாக இருந்ததில் ஆச்சரியமில்லை.

அதே மூவரின் அடுத்த ஆல்பம் ‘கம்பேஷன்’, 2022ல் பதிவாகி 2024ல் வந்தது. இன்னும் மென்மையானது. ஸ்டீவி வண்டரின் ‘ஓவர்ஜாய்டு’ பாட்டு தெரிந்தவர்களுக்கு நல்ல வாசல். ராஸ்கோ மிட்செலின் ‘நோனா’ வெட்டுக்கத்தி மாதிரி. ஆனா முழு ஆல்பமாக எனக்கு ‘அன்ஈஸி’ அளவுக்குப் பிடிக்கவில்லை. நிறையப் பேருக்கு அஞ்சலி செலுத்துகிறது, சில துண்டுகள் சூடு பிடிப்பதற்குள் முடிகின்றன, மூவரும் ஒருவரை ஒருவர் அவ்வளவு நன்றாகத் தெரிந்துகொண்டதில் அந்தப் பழைய பதற்றம் குறைந்துவிட்டது. கடைசியில் மறுபடி ‘டிரம்மர்ஸ் சாங்’ வருகிறது, இன்னொரு பாட்டோடு சேர்த்து. இரண்டு ஆல்பத்திலும் அதை அடுத்தடுத்துக் கேளுங்க, வருஷங்களில் ஒரு கூட்டணி எப்படித் தளர்ந்து உட்காருகிறது என்று தெரியும். தளர்வு நல்லதா இல்லையா என்பதில் எனக்கு இன்னும் முடிவில்லை.

பழைய வரி

2021 குறிப்பை அழிக்கவில்லை. அந்த வரிக்கு மேலே கோடு போட்டு, இந்தக் கட்டுரைக்கு வழி காட்டியிருக்கிறேன். அழித்தால் நான் எப்போதும் சரியாகக் கேட்டவன் மாதிரி ஆகிவிடும்.

இனிமேல் ஒரு ஆல்பத்தைப் பற்றி எழுதும்போது எதில் கேட்டேன் என்பதையும் சேர்த்து எழுதப்போகிறேன். புத்தக விமரிசனத்தில் எந்தப் பதிப்பு என்று போடுகிற மாதிரி. இந்தக் கட்டுரை எழுதியது நானூறு ரூபாய் வயர் இயர்போனில், ராத்திரி பதினொன்றுக்கு மேல் லாரிச் சத்தம் குறைந்த பிறகு. விலை அதிகமான கருவி தேவையில்லை. இரண்டு காதிலும் சரியாகப் பொருந்துகிற, காற்று விடாத இயர்போன் போதும். ரப்பர் சரியாக உட்காராவிட்டால் முதலில் ஓடிப்போவது பேஸ்தான்.

வரிசை: முதலில் ‘நைட் அண்ட் டே’, அப்புறம் ‘டிரம்மர்ஸ் சாங்’, அப்புறம் இரண்டு ‘கன்ஃபிகரேஷன்ஸ்’. நான் கேட்டது தப்பு என்று தோன்றினால் எழுதுங்க. எதில் கேட்டீங்க என்றும் சொல்லுங்க.

அத்தை பையனுக்கும் அந்த இயர்போனைக் கொடுத்துப் பார்த்தேன். ஐந்து நிமிஷம் கேட்டான். “நல்லாத்தான் இருக்கு, ஆனா ஆடிக்கு ஆகாது” என்றான்.